வேலைநாள் இரவில் வாணலி ஸ்டேக்: சிவக்காமல் சாம்பல் நிறமாகிவிடுகிறதே, எங்கே தவறுகிறேன்?

மாலை ஏழு மணி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வேலை முடிந்து வீடு திரும்பும்போது ஏழு மணி ஆகிவிடுகிறது. எட்டு மணிக்குள் சாப்பிட உட்கார்ந்துவிட வேண்டும் என்பதால், சீக்கிரம் ஆகிவிடும் சமையல் என்று நம்பி, இரண்டு மாதங்களாக வாரத்தில் ஒரு நாள் மாட்டிறைச்சி ஸ்டேக் செய்து வருகிறேன். நேரம் என்னவோ குறைவாகத்தான் ஆகிறது. ஆனால் விளைவு ஒரு முறைகூட மனநிறைவு தரவில்லை.

நான் செய்வதைச் சொல்கிறேன். ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டர் தடிமனுள்ள சர்லாயின் துண்டுகள் மூன்றை எடுத்து, உப்பும் மிளகுத்தூளும் தடவிப் பதினைந்து நிமிடம் வைக்கிறேன். ஒட்டாத பூச்சுள்ள வாணலியை மிதமான தீயில் வைத்து, வெண்ணெய் உருகியதும் மூன்றையும் ஒன்றாகப் போடுகிறேன். சமையல் குறிப்பில் பக்கத்துக்கு மூன்று நிமிடம் என்று இருக்கிறது, அப்படியே செய்கிறேன். முதல் நிமிடத்திலேயே வாணலியில் தண்ணீர் விட்டுக்கொண்டு, இறைச்சி அந்தத் தண்ணீரிலேயே வேகத் தொடங்கிவிடுகிறது. மேற்புறம் வேகவைத்த இறைச்சியைப் போலச் சாம்பல் நிறமாக இருக்கிறது. நிறம் வரட்டும் என்று இன்னும் சற்று நேரம் விட்டால், உள்ளே முழுதும் வெந்து ரப்பர்போல ஆகிவிடுகிறது. சென்ற வாரம் தீயைக் கூட்டிப் பார்த்தேன். வெண்ணெய் கருகி வீடெல்லாம் புகைந்ததுதான் மிச்சம்.

அதிகத் தீயில் சட்டென்று மேற்புறத்தை மூடிவிட்டால் சாறு உள்ளேயே தங்கும் என்று படித்திருக்கிறேன், அது உண்மையா? ஒன்பது வயது மகளும் எங்களுடன் சாப்பிடுகிறாள் என்பதால், எந்த அளவுக்கு வேகவைத்தால் பாதுகாப்பு என்பதையும் யாராவது விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

---

வார்ப்பிரும்பு எழுதியது:

வணக்கம் சகோதரி. நீங்கள் செய்யும் முறையை இவ்வளவு தெளிவாக எழுதியிருப்பதால், சிக்கல் எங்கே என்பது பளிச்சென்று தெரிகிறது. உங்களுக்குப் பகை தண்ணீர்தான். தீயின் அளவு இரண்டாம் பட்சம்.

இறைச்சியின் மேற்புறம் சிவப்பது, அதிலுள்ள அமினோ அமிலங்களும் சர்க்கரைகளும் சூட்டில் ஒன்றோடொன்று வினைபுரிவதால். 1912-இல் பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமில் மயார் விவரித்ததால் அவர் பெயரிலேயே வழங்கும் இந்த வினை, ஏறத்தாழ 140 டிகிரி செல்சியஸ் சூட்டை ஒட்டித்தான் வேகம் பிடிக்கும். மேற்பரப்பில் ஈரம் இருக்கும்வரை அந்த இடத்தின் சூடு நூறு டிகிரியைத் தாண்டாது. ஒரு கிராம் தண்ணீரை அறைச் சூட்டிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர ஆகும் ஆற்றலைப்போல ஏறத்தாழ ஏழு மடங்கு, அதே ஒரு கிராமை ஆவியாக்கச் செலவாகிறது. ஆகவே, ஈரமான இறைச்சியைப் போட்டால் வாணலியில் சேர்ந்திருக்கும் சூடு முழுதும் அந்த ஈரத்தை விரட்டுவதிலேயே தீர்ந்துபோகும். அது போய் முடிவதற்குள் உள்ளே வெந்துவிடும். நீங்கள் பார்த்த சாம்பல் நிறம் இப்படி வந்ததுதான்.

உப்புத் தடவிப் பதினைந்து நிமிடம் வைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். இருக்கிற நேரங்களிலேயே அதுதான் மிக மோசமான நேரம். உப்பு முதலில் இறைச்சிக்குள்ளிருந்து நீரை வெளியே இழுக்கிறது. பத்துப் பதினைந்து நிமிடத்தில் மேற்புறம் முத்து முத்தாக வியர்த்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நாற்பது நிமிடம் அளவில் அந்த உப்புநீரில் பெரும்பகுதியை இறைச்சி திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. எனவே, வாணலியில் போடும் கணத்தில் உப்பிடுங்கள், இல்லாவிட்டால் நாற்பது நிமிடத்துக்கு மேல் ஊறவிடுங்கள். இடைப்பட்ட நேரம் வேண்டாம்.

உங்களைப் போல ஏழு மணிக்கு வீடு திரும்புகிறவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது, நான் அதைத்தான் பல ஆண்டுகளாகப் பின்பற்றுகிறேன். காலையில் வேலைக்குக் கிளம்பும் முன், முந்நூறு கிராம் துண்டுக்கு அரைத் தேக்கரண்டிப் பொடி உப்பு என்ற கணக்கில் எல்லாப் பக்கமும் தூவி, ஒரு தட்டின் மேல் கம்பி அடுக்கு வைத்து, அதில் இறைச்சியை வைத்து, எதையும் கொண்டு மூடாமல் குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் விட்டுவிடுவேன். மாலையில் எடுக்கும்போது மேற்புறம் மங்கலாக, சற்றே கருஞ்சிவப்பாக, விரலில் ஒட்டாத காய்ந்த தோல்போல இருக்கும். பார்த்தால் கெட்டுவிட்டதோ என்று தோன்றும். ஆனால் நமக்கு வேண்டியது அந்த வறட்சிதான். காலையில் மறந்துவிட்டால், டிஷ்யூ தாளால் இருபுறமும் பக்கவாட்டிலும் அழுத்தித் துடையுங்கள். தாள் நனையாமல் வரும்வரை, இரண்டு மூன்று தாள் ஆனாலும், துடையுங்கள்.

அடுத்தது பாத்திரம். ஒட்டாத பூச்சு இந்த வேலைக்கு ஏற்றதன்று. அந்தப் பூச்சு 260 டிகிரிக்கு மேல் சிதையத் தொடங்கி, மூச்சுக்குக் கெடுதலான ஆவியை வெளியிடும்; வெறும் வாணலியை அதிகத் தீயில் வைத்தால் சில நிமிடங்களிலேயே அந்தச் சூட்டை எட்டிவிடலாம். கனமான வார்ப்பிரும்பு வாணலியோ அடி தடித்த எவர்சில்வர் வாணலியோ வாங்குங்கள். வார்ப்பிரும்பு சூடாவதற்கு நேரம் எடுத்துக்கொள்ளும், சூடும் எல்லா இடத்திலும் சீராகப் பரவாது. ஆனால் கனத்த பாத்திரம் என்பதால் அதில் சேர்ந்த சூடு, குளிர்ந்த இறைச்சி விழுந்தாலும் எளிதில் இறங்காது. நடுத்தரத்துக்குச் சற்று மேலான தீயில் ஐந்திலிருந்து எட்டு நிமிடம் காயவிடுங்கள். ஒரு துளி நீரைத் தெளித்துப் பாருங்கள். சீறி அங்கேயே வற்றிப்போனால் இன்னும் காய வேண்டும். பாதரசம்போல உருண்டு ஓடினால் வாணலி தயார்.

வெண்ணெயைத் தொடக்கத்தில் போடாதீர்கள். அதிலுள்ள பால் திடப்பொருள்கள் எளிதில் கருகிவிடும், சென்ற வாரம் புகைந்தது அதனால்தான். சுத்திகரித்த சூரியகாந்தி எண்ணெய், கடலை எண்ணெய், நெய் ஆகியவை அந்தச் சூட்டைத் தாங்கும். ஒரு தேக்கரண்டி போதும். இறைச்சியின் மேல் தடவுவதைவிட வாணலியில் ஊற்றுவதே எனக்குச் சரியாக வருகிறது.

மூன்று துண்டுகளை ஒன்றாகப் போடுவதும் கூடாது. துண்டுகளுக்கு நடுவே இரண்டு விரல் இடைவெளியாவது இருந்தால்தான் ஆவி வெளியேறும். வாணலி சிறிதென்றால் இரண்டு சுற்றாகச் செய்யுங்கள். இரண்டாம் சுற்றுக்கு முன் வாணலியை மீண்டும் ஒரு நிமிடம் காயவிட மறக்க வேண்டாம்.

சாறு உள்ளே தங்கும் என்ற கருத்து 19-ஆம் நூற்றாண்டில் யூஸ்டுஸ் ஃபான் லீபிக் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் முன்வைத்தது. அது பிழை என்று பின்னாளில் எடைபோட்டுப் பார்த்த சோதனைகள் காட்டிவிட்டன. சோதனையே தேவையில்லை: நன்றாக முறுகிய ஸ்டேக்கைத் தட்டில் எடுத்து வைத்தபின்னும் சாறு கசிகிறது, வாணலியில் இருக்கும்போதும் ஓயாமல் சுர்ரென்று ஒலிக்கிறது, அந்த ஒலியே உள்ளிருந்து நீர் வந்துகொண்டிருப்பதால்தான். நாம் மேற்புறத்தைச் சிவக்கவைப்பது சுவைக்காகவும் மணத்துக்காகவும். சாறு தங்குவதும் தங்காததும் நடுப்பகுதி எவ்வளவு சூடாகிறது என்பதைப் பொறுத்தது.

---

இளந்தீ எழுதியது:

மேலே நண்பர் எழுதியிருப்பதில் ஈரத்தைப் பற்றிய பகுதிக்கு மேல் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் கேள்வியின் இன்னொரு பாதியை, அதாவது பக்கத்துக்கு மூன்று நிமிடம் என்ற கணக்கை, அவர் தொடவே இல்லை. என் அனுபவத்தில் அதிகமான ஸ்டேக்குகளைக் கெடுப்பது அந்தக் கணக்குதான்.

தடிமன் இருமடங்கானால் வேகும் நேரம் இருமடங்குக்கும் மேலாக நீள்கிறது. ஒரே பொட்டலத்தில் வாங்கிய இரண்டு துண்டுகளில் ஒன்று இரண்டு சென்டிமீட்டரும் மற்றொன்று மூன்று சென்டிமீட்டரும் இருந்தால், ஒரே நேரக் கணக்கு இரண்டுக்கும் பொருந்தவே பொருந்தாது. அடுப்பின் தீ, வாணலியின் கனம், வாணலியில் போடும்போது இறைச்சி இருக்கும் சூடு, கொழுப்பின் அளவு என்று எல்லாம் வீட்டுக்கு வீடு வேறுபடுகின்றன. குறிப்பை எழுதியவர் தம் அடுப்பில் கண்ட நேரத்தை எழுதியிருக்கிறார், அவ்வளவே. ஆகவே கடிகாரத்தை விட்டுவிட்டு, குத்திப் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்றை வாங்குங்கள். புதிய வாணலி, தெர்மாமீட்டர் இரண்டில் ஒன்றைத்தான் இந்த மாதம் வாங்க முடியும் என்றால், தெர்மாமீட்டரை முதலில் வாங்கச் சொல்வேன். அதன் முனையை மேலிருந்து குத்தாமல், பக்கவாட்டிலிருந்து துண்டின் நட்டநடுவுக்குச் செலுத்த வேண்டும். மேலிருந்து குத்தினால் முனை எந்த ஆழத்தில் நிற்கிறது என்று தெரியாமல் தவறான அளவைப் படிப்பீர்கள்.

நடுப்பகுதி 50 டிகிரியைத் தாண்டியதும் தசைப்புரதங்களில் ஒன்றான மையோசின் இறுகி, இறைச்சி பச்சைத்தன்மை நீங்கிக் கடிக்க இதமாகிறது. 60 டிகிரியைத் தாண்டும்போது நார்களைச் சுற்றியுள்ள கொலாஜன் உறை சுருங்கிச் சாற்றைப் பிழிந்து வெளியேற்றுகிறது. 66 டிகிரிக்கு மேல் ஆக்டின் என்ற மற்றொரு புரதமும் இறுகத் தொடங்குகிறது. நீங்கள் ரப்பர் என்று சொல்வது இந்தக் கட்டம்தான். மீடியம் ரேர் என்று உணவகங்களில் சொல்லும் பதம் 54 முதல் 57 வரை, மீடியம் 60 முதல் 63 வரை. அடுப்பிலிருந்து எடுத்தபின்னும் வெளிப்புறச் சூடு உள்ளே பரவி, நடுப்பகுதியில் மூன்று நான்கு டிகிரி ஏறும். எனவே 55 வேண்டுமென்றால் 51-இலேயே எடுத்துவிடுங்கள்.

குழந்தையைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள், அது மிக முக்கியமான கேள்வி. முழுத் துண்டாக வெட்டிய இறைச்சியில் கிருமிகள் பெரும்பாலும் மேற்பரப்பிலேயே இருக்கும், அவை வாணலிச் சூட்டில் அழிந்துவிடும். இருந்தாலும் அமெரிக்க வேளாண்மைத் துறை முழுத் துண்டுகளுக்கு 63 டிகிரியும், எடுத்தபின் மூன்று நிமிட ஓய்வும் வேண்டும் என்று பரிந்துரைக்கிறது. அரைத்த இறைச்சிக்கு 71 டிகிரி, ஏனெனில் அரைக்கும்போது மேற்பரப்பில் இருந்தது முழுதும் உள்ளே கலந்துவிடுகிறது. மென்மையாக்குவதற்காக ஊசியாலும் கத்தியாலும் துளையிட்டு விற்கும் துண்டுகளிலும் கிருமிகள் உள்ளே தள்ளப்பட்டிருக்கக்கூடும் என்பதால், பொட்டலத்தில் அப்படி எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். குழந்தைகள், கருவுற்றவர்கள், முதியோர், நோயெதிர்ப்புக் குறைந்தவர்கள் ஆகியோருக்கான துண்டை 63-க்குக் குறையாமல் வேகவைத்து, மூன்று நிமிடம் வைத்திருந்து கொடுப்பதே சரி. மகளின் துண்டை முதலில் போட்டு, இரண்டு நிமிடம் கழித்து உங்களுடையதைப் போட்டால், எல்லாம் ஏறத்தாழ ஒரே நேரத்தில் தயாராகிவிடும்.

நிறத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தட்டில் வடியும் சிவந்த நீரைப் பலர் இரத்தம் என்று எண்ணி மீண்டும் வாணலியில் போடுகிறார்கள். அது மயோகுளோபின் என்ற தசைநிறமி கலந்த நீர், இரத்தமன்று.

ஒரே ஒரு முறைதான் திருப்ப வேண்டும் என்ற விதியையும் நான் பின்பற்றுவதில்லை. முப்பது நொடியிலிருந்து ஒரு நிமிடத்துக்கு ஒரு முறை திருப்பிக்கொண்டே இருந்தால், எந்தப் பக்கமும் அளவுக்கு மீறிச் சூடேறாது. அதே சமயம் ஆறவும் ஆறாது. குறுக்கே வெட்டிப் பார்த்தால், முறுகலுக்குக் கீழே வழக்கமாகத் தெரியும் தடித்த சாம்பல் பட்டை மெலிந்து, உள்ளே பெரும்பகுதி ஒரே சிவப்பாக இருக்கும். வேகும் நேரமும் குறைகிறது.

---

வார்ப்பிரும்பு எழுதியது:

திருப்புவதைப் பற்றி நண்பர் சொல்வது இரண்டரை சென்டிமீட்டரும் அதற்கு மேலும் உள்ள துண்டுகளுக்கு முற்றிலும் சரி. அதை ஏற்றுக்கொள்கிறேன். ஒன்றரை சென்டிமீட்டருக்குக் குறைந்த மெல்லிய துண்டுகளுக்கு மட்டும் என் முறை வேறு. அவற்றைத் திருப்பிக்கொண்டே இருந்தால் இரு பக்கமும் அரைகுறையாகச் சிவப்பதற்குள் நடுப்பகுதி பதம் கடந்துபோய்விடும். ஒரே பக்கத்தை இரண்டு நிமிடம் அசைக்காமல் நன்றாக முறுகவிட்டு, மறுபக்கத்தை அரை நிமிடம் மட்டும் காட்டி எடுத்துவிடுவேன். முறுகிய பக்கம் மேலே தெரியும்படி தட்டில் வைத்தால் போதும். மெல்லிய துண்டைக் குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்தவுடன் போடுவதும் நல்லது. உள்ளே குளிர்ந்திருப்பதால் முறுகலுக்குச் சற்றுக் கூடுதல் நேரம் கிடைக்கும். முன்கூட்டியே வெளியே எடுத்து வைக்க வேண்டும் என்று பலரும் சொன்னாலும், அரை மணி நேரத்தில் தடித்த துண்டின் நடுப்பகுதி ஏறுவது சில டிகிரிகள்தாம். வேலைநாளில் அந்த அரை மணி நேரத்தை அதற்காகச் செலவிடத் தேவையில்லை.

---

கத்திமுனை எழுதியது:

வெட்டுவதையும் ஓய்வு நேரத்தையும் பற்றி யாரும் எழுதாததால் நான் எழுதுகிறேன்.

வாணலியிலிருந்து எடுத்த துண்டை ஐந்து நிமிடம் தொடாமல் வைத்திருங்கள். சூடு தணியும்போது உள்ளிருக்கும் சாறு சற்றுக் கெட்டிப்படுவதால், வெட்டும்போது பலகையில் ஓடுவது குறையும். தாளால் இறுக்கி மூடிவிடாதீர்கள். ஆவி தேங்கினால், அவ்வளவு பாடுபட்டுக் கொண்டுவந்த முறுகல் நமத்துவிடும்.

அந்த ஐந்து நிமிடம் வீணாக வேண்டியதில்லை. வாணலியின் அடியில் பழுப்பாக ஒட்டியிருப்பதுதான் அன்றைய சமையலின் மிகச் சுவையான பகுதி, அதைத் தேய்த்துக் கழுவிவிடுவது பெரிய இழப்பு. மிகுந்த கொழுப்பை வடித்துவிட்டு, தீயைக் குறைத்து, பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயத்தை ஒரு நிமிடம் வதக்குங்கள். நூறு மில்லிலிட்டர் எலும்புச் சாறு ஊற்றி, மரக்கரண்டியால் அடியைச் சுரண்டுங்கள். பழுப்பு முழுதும் கரைந்து, சாறு பாதியாக வற்றியதும் அடுப்பை அணைத்துவிட்டு, குளிர்ந்த வெண்ணெய் இருபது கிராமைப் போட்டு வாணலியைச் சுழற்றுங்கள். வெண்ணெய் மெல்லக் கரைந்து, குழம்பு பளபளப்பாகக் கரண்டியின் பின்புறத்தில் படியும். அடுப்பு எரியும்போது போட்டுக் கொதிக்கவிட்டால் எண்ணெய் தனியாகப் பிரிந்துவிடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். ஓய்ந்த துண்டிலிருந்து தட்டில் வடிந்திருக்கும் சாற்றையும் இதிலேயே சேர்க்கலாம். சேர்த்தபின் சுவைத்துப் பார்த்து உப்பிடுங்கள். இறைச்சியில் ஏற்கெனவே உப்பு இருப்பதால் பெரும்பாலும் தேவைப்படாது.

வெட்டும்போது நார் ஓடும் திசையைப் பாருங்கள். சர்லாயினில் அது அவ்வளவாக உறுத்தாது. ஃப்ளாங்க், ஸ்கர்ட் போன்ற, விலை குறைந்தாலும் இறைச்சிச் சுவை மிகுந்த துண்டுகளில் நார்கள் நூல் நூலாகக் கண்ணுக்கே தெரியும். நாருக்குக் குறுக்கே மெல்லியதாகச் சீவினால், பல்லுக்கு எஞ்சுவது சில மில்லிமீட்டர் நீள நார்தான். நார் வாக்கிலேயே வெட்டினால் அதே துண்டு மெல்லவே முடியாததாகிவிடும். உங்கள் மகளுக்கு மெல்லச் சிரமமாக இருந்தால், வேக்காட்டைக் குறை சொல்வதற்கு முன் வெட்டும் திசையைச் சரிபாருங்கள்.

---

மாலை ஏழு மணி எழுதியது:

பதில் எழுதிய மூவருக்கும் மனமார்ந்த நன்றி. தெர்மாமீட்டரையும் வார்ப்பிரும்பு வாணலியையும் வாங்கிவிட்டேன். நேற்றுக் காலையே உப்புத் தூவி மூடாமல் வைத்துவிட்டுப் போனேன். மாலையில் எடுத்தபோது நீங்கள் சொன்னபடியே தோல்போலக் காய்ந்திருந்தது. வாணலி எத்தனை நிமிடம் காய வேண்டும் என்றெல்லாம் கணக்குப் பார்க்காமல், நீர்த்துளி உருண்டோடும்வரை காத்திருந்து முதல் துண்டைப் போட்டேன். அந்த ஒலியே வேறாக இருந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர்கூட விடவில்லை. முதல் முறை திருப்பியபோது ஓரத்திலிருந்து ஓரம்வரை செம்பழுப்பாக இருந்ததைப் பார்த்து, கணவரை அழைத்துக் காட்டினேன். மகளின் துண்டை 63 வரை விட்டேன், எங்களுடையதை 52-இல் எடுத்தேன். அடுப்பைப் பற்றவைத்ததிலிருந்து மேசைக்கு வந்தது வரை இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று.

இரண்டு குறைகள் மட்டும் மீதமிருக்கின்றன. மிளகுத்தூள் கருகிச் சற்றுக் கசந்தது. துண்டின் ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்கு இருந்த கொழுப்பு வெள்ளையாகவே நின்றுவிட்டதால், எல்லாரும் அதை வெட்டி ஒதுக்கிவிட்டோம். இவற்றுக்கு என்ன செய்யலாம்?

---

இளந்தீ எழுதியது:

மகிழ்ச்சி. மிளகை எடுத்தபின் தூவுங்கள். ஓய்வெடுக்கும் துண்டின் சூட்டிலேயே மணம் எழும். கொழுப்புக்கு, வாணலி காய்ந்ததும் முதல் வேலையாக இடுக்கியால் துண்டை நிமிர்த்திப் பிடித்து, கொழுப்பு ஓரம் மட்டும் வாணலியில் படும்படி ஒன்றரை, இரண்டு நிமிடம் வைத்திருங்கள். இரண்டு துண்டுகளைச் சேர்த்துப் பிடித்தால் சாயாமல் நிற்கும். கொழுப்பு உருகி ஓரம் பொன்னிறமாகும்; உருகி வந்த அந்தக் கொழுப்பிலேயே மற்றப் பக்கங்களைச் சிவக்கவைக்கலாம் என்பதால் எண்ணெயும் தேவைப்படாது. கடைசி ஒரு நிமிடத்தில், தீயைக் குறைத்து, ஒரு கட்டி வெண்ணெயும் நசுக்கிய பூண்டு இரண்டு பல்லும் போட்டு, வாணலியைச் சாய்த்து, நுரைத்து வரும் வெண்ணெயைக் கரண்டியால் அள்ளி அள்ளித் துண்டின் மேல் ஊற்றிப் பாருங்கள். அந்த ஒரு நிமிடத்தில் சூடு மேலிருந்தும் ஏறுவதால், வழக்கத்தைவிட ஓரிரு டிகிரி முன்னதாகவே எடுத்துவிடுங்கள்.